அட்டையில் ‘வேரிசெல்லா’ இருக்கிறதா?

“அம்மை ஊசி போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வந்துச்சு?” உடம்பெல்லாம் கொப்புளத்தோடு குழந்தையைத் தூக்கி வரும் தாய்மார்கள் பலரும் கேட்பது இது. தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தால் 9 மாதத்திலும் ஒன்றரை வயதிலும் எம்.ஆர். என்று எழுதியிருக்கும். அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் போடுவது. சின்னம்மையைத் தருவது வேரிசெல்லா ஜோஸ்டர் என்ற வேறொரு வைரஸ். அதற்கான ஊசி மத்திய அரசின் இலவச அட்டவணையில் இல்லை. வெளியே காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆகவே அட்டையில் ‘வேரிசெல்லா’ என்று இருக்கிறதா என இன்றே பாருங்கள்.

“சின்னப் பிள்ளைக்கு வந்தால் தலைக்குத் தண்ணி ஊத்தினதும் சரியாயிடும்” என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சின்னம்மையால் ஆண்டுக்குச் சுமார் 42 லட்சம் பேர் மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் பாதிக்கப்படுகிறார்கள், 4,200 பேர் இறக்கிறார்கள் என்பது 2014இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு. வெப்ப நாடுகளில் சிறுவயதில் வராமலே வளர்ந்துவிடுபவர்கள் அதிகம். முப்பது வயதில் பிள்ளையிடமிருந்து தொற்றும் அப்பாவுக்குத்தான் நிமோனியா பயம். கொப்புளம் வந்த சில நாட்களில் இருமல், மூச்சுத்திணறல் தொடங்கினால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். புகைபிடிப்பவருக்கும் கர்ப்பிணிக்கும் ஆபத்து இன்னும் கூடுதல்.

கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இது பரவுகிறது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பரவும். ஒரே வீட்டில் எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வரலாம். அதனால் குழந்தையைத் தனி அறையில் விடுவதோடு, மற்றவர்களையும் உடனே கவனிக்க வேண்டும். இதுவரை சின்னம்மை வராத, ஊசியும் போடாத ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, நோயாளியோடு பழகியதிலிருந்து 3 நாளுக்குள், தள்ளிப்போனால் 5 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம், அல்லது லேசாக்கலாம். கர்ப்பிணிக்கு இந்த ஊசி கூடாது. அவர் அன்றே மருத்துவரிடம் போய், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால், பச்சிளம் சிசுவுக்கு உயிராபத்து.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் அக்கம்பக்கத்தார் உள்ளே வரமாட்டார்கள். நல்ல தனிமைப்படுத்தல் அது. அம்மன் மீதான பக்திக்கும் மருந்துக்கும் சண்டை இல்லை. கெடுதல் வருவது வேறு இடத்தில்: குளிக்காமலே ஒரு வாரம் கிடப்பது, அரிப்பெடுத்த இடத்தை வேப்பிலையால் அழுத்தித் தேய்த்துக் கொப்புளத்தை உடைப்பது. உடைந்த இடத்தில் சீழ் பிடிக்கும், தழும்பும் நிற்கும். தினமும் வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றி, துணியால் ஒற்றி எடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய்ஸ் நோயைத் தூண்டலாம். இபுபுரோஃபென் எடுத்தவர்களிடம் தோலுக்கடியில் கடும் தொற்று காணப்பட்டிருக்கிறது. இரண்டும் வேண்டாம். பெரியவர்களுக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, கொப்புளம் வந்த முதல் 24 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மூன்றாம் தண்ணி ஊற்றிவிட்டு வந்து கேட்டால் அதனால் பயனில்லை.

ஊசியின் கணக்கு: முதல் டோஸ் 15 மாதத்தில், இரண்டாவது மூன்று மாதம் கழித்து. 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 4 வார இடைவெளியில் இரண்டு. அமெரிக்காவில் 1995இல் ஒரே டோஸில் தொடங்கினார்கள். ஊசி போட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலும் அம்மை பரவியதால் 2006இல் இரண்டாவதைச் சேர்த்தார்கள். ஆகவே ஒன்றோடு நிறுத்தாதீர்கள். இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட வைரஸ். குளிர்ச்சி கெட்டாலோ, பொடியைக் கரைத்து வெகுநேரம் வைத்திருந்தாலோ வீரியம் போய்விடும். கண்ணெதிரே கரைத்து உடனே போடச் சொல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிவையுங்கள்.

கடைசியாக அக்கி. அம்மை ஆறினாலும் வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, வயதான காலத்தில் ஒரு பக்கமாக அக்கியாய் எழும். குயவரிடம் காவியால் அக்கி எழுதிவிட்டு வரும் தாத்தாவின் கொப்புள நீரிலும் அதே வைரஸ்தான். அது பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடியிருக்கட்டும்; கைக்குழந்தையை மடியில் கிடத்த வேண்டாம்.