மாலைக்கண்: சொல்லும் பொருளும்

பகலில் நன்றாகத் தெரிகிறது; வெளிச்சம் மங்கியதும் பார்வை தடுமாறுகிறது. இதுவே மாலைக்கண். மருத்துவ நூல்களில் நிக்டலோப்பியா. கிரேக்கத்தில் நிக்ஸ் இரவு, அலாவோஸ் குருடு, ஓப்ஸ் கண். நடுவிலுள்ள ‘குருடு’ கண்ணில் படாவிட்டால் ‘இரவுக் கண்’, அதாவது இரவில் நன்றாகத் தெரிவது என்று பொருள் தலைகீழாகிவிடும். அப்படி ஆகியும் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர்கள் இதே குறையை எமெரலோப்பி என்றார்கள்; ஆங்கிலத்தில் அதே சொல்லான ஹெமரலோப்பியா என்பதோ பகல் வெளிச்சத்தில் பார்வை குறைவது.

கன்னடம் இதை இருளுகுருடு என்கிறது, மலையாளம் நிசாந்தத என்கிறது. தமிழ்ச் சொல்லில் குருடும் இல்லை, இரவும் இல்லை. பொழுது மட்டுமே இருக்கிறது. அது சரியான பொழுதும்கூட. விளக்கு வைக்கும் நேரத்தில்தான் விழித்திரையில் நல்ல வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்புச் செல்கள் ஓய்ந்து, பார்வைப் பொறுப்பு மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்களுக்கு மாறுகிறது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திண்ணையில் இடித்துக்கொள்வதும், தட்டைத் துழாவுவதும் அப்போதுதான். ஆகவே ‘இரவுக்குருடு’ என்று புதிதாக மொழிபெயர்க்கத் தேவையே இல்லை.

கோல் செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சிதையும், இருட்டில் மறுபடி உருவாகும். முழுதாக உருவாக ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். வைட்டமின் ஏ இல்லாமல் அது உருவாகாது. அந்தக் குறை நீடித்தால் வெண்விழி வறண்டு, நுரை அப்பியதுபோல் சாம்பல் வெள்ளைத் திட்டு தோன்றும். அதுதான் பிட்டாட் புள்ளி. அதற்கும் மேலே போனால் கருவிழி கரைந்துவிடும். அது அவசர நிலை.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு வைட்டமின் ஏ சிகிச்சை அளவு 2 லட்சம் சர்வதேச அலகு (IU): முதல் நாள், மறுநாள், குறைந்தது 2 வாரம் கழித்து மூன்றாம் முறை. 6 முதல் 11 மாதக் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் பாதி. கொடுப்பது மருத்துவர் வேலை. கருவுற்றவர்களுக்கு மாலைக்கண்ணுக்காக இந்த அளவு கொடுக்கக் கூடாது, சிசுவுக்கு ஊனம் வரலாம். வைட்டமின் குறைதான் காரணம் என்றால் ஓரிரு நாளிலேயே இருட்டில் பார்வை திரும்பும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் குறை வராமல் காக்கும். கீரையில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால்தான் சத்து உடம்பில் ஒட்டும்.

சிக்கல், பின்னால் ‘நோய்’ சேர்த்து ‘மாலைக்கண் நோய்’ என்று எழுதுவதில் இருக்கிறது. மாலைக்கண் ஓர் அறிகுறி. அதை ஒரே நோயாக்கியதால், யாருக்கு வந்தாலும் கேரட் சாப்பிடச் சொல்கிறோம். கடுமையான கிட்டப்பார்வையிலும் இது வரும். ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோயில் பெரும்பாலும் இதுவே முதல் அறிகுறி. அந்தப் பெயரும் பழைய பிழை: ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி, இங்கே நடப்பதோ மரபணுக் கோளாறால் செல்கள் மெல்லச் சாவது. தமிழில் ‘விழித்திரை நிறமி அழற்சி’ என்று எழுதாமல் ‘நிறமிச் சிதைவு’ என்று எழுதினால் பிழையாவது கூடவே வராது. இதில் பக்கப் பார்வை சுருங்கிக் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். நேரே உள்ள எழுத்தைப் படிப்பவர் நிலைக்கதவில் தோள் இடிப்பார். உறவுக்குள் மணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகத் தென்படும். விழித்திரை மின்பதிவும் பார்வைப் புலச் சோதனையும் இதைக் காட்டிக்கொடுக்கும். ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

எதிரே வரும் வண்டி விளக்கு சிதறிக் கண்ணைக் கூசவைத்தால் அது கண்புரையாக இருக்கலாம். அதற்கு மாலைக்கண் என்ற சொல் பொருந்தாது.