ஓராண்டு நிற்க முடியாதவர் வழிகாட்டியாக வர வேண்டாம்

மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யாராவது நினைத்தால், வாகனம் நேரே தோட்டத்துக்குத்தான் ஏறும். லயத்து வரிசை வீடுகள், தேயிலை மலை, கொழுந்துக் கூடை என்று படமும் நன்றாக வரும். கண்டியில் மாநகர சபைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், ஹட்டன் கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறை வீடுகளிலும், பதுளை, நுவரெலியா நகரங்களின் ஓரங்களிலும் வளர்கிற பிள்ளை அந்தப் படத்துக்குள் வருவதில்லை. தகப்பன் நகர சுத்திகரிப்பில் இருப்பார், இல்லாவிட்டால் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குவார். தாய் வெளிநாட்டில், அல்லது யாரோ ஒருவர் வீட்டில் சமையல் வேலையில். ஆனாலும் "டவுன் பிள்ளைதானே, எல்லாம் கிட்டத்தில் இருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எல்லாம் கிட்டத்தில் இருப்பதுதான் சிக்கல். இந்த நகரப் பாடசாலைகள் சிலவற்றில் வழிகாட்டல், ஆலோசனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் பார்ப்பது இது: தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளை உயர் தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ள, நகரத்தின் பெரிய 1ஏபி பாடசாலைக்குப் போய்விடும். மிச்சப் பிள்ளைகள் அடுத்த தெருவில் உள்ள சிறிய பாடசாலையில் இருப்பார்கள். அதற்கு அப்புறம் சாதாரண தரப் பரீட்சை வரும் வரைக்கும் அவர்களைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில், எட்டாம் ஒன்பதாம் தரத்தில், கராஜும் ஹோட்டலும் துணிக்கடையும் கூப்பிடுகின்றன. டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் மே மாதம் வெசாக் வரை ஹட்டன் வழியாகக் கூட்டம் போகும். இரவுக் கடைகளுக்குக் கை வேண்டும். நுவரெலியாவுக்கு ஏப்ரல் சீசன். கையில் காசு பார்த்த பையன் சீசன் முடிந்து வகுப்புக்குத் திரும்புவது அரிது. பதினாறு வயது வரை படிப்பு கட்டாயம், பதினாறுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம் என்று சட்டம் இருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தேநீர்க் கடையில் பிளேன்டீ ஊற்றுகிறவனின் வயதை யார் கேட்கிறார்கள்?

இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் வீட்டாரும் ஆசிரியரும் அல்லாத பெரியவர் ஒருவர் நின்றால் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழிகாட்டித் திட்டம் என்பது அவ்வளவுதான். பழைய யோசனை. 1904இல் நியூயோர்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஏர்னெஸ்ட் கூல்டர், வழக்கில் வந்து நிற்கிற பையன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பெரியவர் துணையாக இருக்கும்படி ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கேட்டதில் தொடங்கியதுதான் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பு. இன்றைக்கு எங்கள் பாடசாலைகளில் நடக்கிற திட்டங்களுக்கு அதுதான் தாத்தா.

அந்த அமைப்பை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. 10 முதல் 16 வயதுக்கு உட்பட்ட 959 பிள்ளைகள். பாதிப் பேருக்கு உடனே வழிகாட்டி தேடத் தொடங்கினார்கள். மீதிப் பேர் 18 மாதம் காத்திருந்தார்கள். வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப் பொருளைத் தொடங்குவது 46 சதவீதம் குறைந்திருந்தது. பாடசாலைக்கு மட்டம் போட்ட நாட்கள் பாதியாகியிருந்தன. வழிகாட்டிகள் யாரும் பாடம் நடத்தவில்லை. பிள்ளையோடு சேர்ந்து நேரம் கழித்தார்கள். பெரும்பாலான சோடிகள் மாதத்தில் மூன்று தடவையாவது சந்தித்தன. திட்ட முன்மொழிவு எழுதுகிற எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

அதன் அடுத்த பாகத்தை யாரும் காட்டுவதில்லை. ஜீன் குரோஸ்மனும் ஜீன் ரோட்ஸும் அதே பிள்ளைகளின் தரவுகளை எவ்வளவு காலம் உறவு நீடித்தது என்று பிரித்துப் பார்த்து 2002இல் எழுதினார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்தவர்களுக்குத்தான் நன்மை அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் இருந்த பிள்ளைகளோ, வழிகாட்டியே கிடைக்காத பிள்ளைகளை விடத் தங்களைப் பற்றித் தாழ்வாக நினைத்தார்கள். படிப்பில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் சரிந்திருந்தது. சும்மா இருந்திருந்தால்கூட அந்தப் பிள்ளைகள் நன்றாக இருந்திருப்பார்கள்.

இதை மலையகத்தில் வைத்துப் பாருங்கள். அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ போனது பிள்ளையின் ஏழு வயதில். "இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லிப் போனவர் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார். அப்பா கொழும்பில் வேலை தேடிப் போனார். பிள்ளை பாட்டியோடு. அந்தப் பிள்ளையிடம் ஒரு சனிக்கிழமை புதிதாக ஓர் அக்கா வந்து, "இனிமேல் நான் உனக்கு இருக்கிறேன்" என்று சொல்லி, கைபேசி இலக்கமும் கொடுத்துவிட்டு, நான்காவது சனிக்கிழமை வராமல் போனால் அது என்ன நினைக்கும்? கோபப்படாது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் வாயிலிருந்து இந்த வாக்கியத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன்.

இங்கே திட்டங்கள் அறுந்துபோவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. வழிகாட்டியாக வருகிறவர்கள் பெரும்பாலும் உயர் தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். ஓய்வு இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. பெயர் வந்ததும் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் என்று போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். நிறுவனங்கள் அனுப்புகிற ஊழியர்களுக்கு இடமாற்றம் வரும். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பாடசாலையே மூடிக்கிடக்கும். பெண் வழிகாட்டி என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் முதல் கேள்வி. இதெல்லாம் ஜனவரியிலேயே தெரிந்த விஷயம். ஆனால் பனர் கட்டுகிற அன்றைக்கு நாற்பது வழிகாட்டி, நாற்பது பிள்ளை, நாற்பது டீசேர்ட் என்று தொடங்கிவிடுகிறோம்.

பத்துப் பிள்ளைகளோடு தொடங்குங்கள் என்று அதிபர்களிடம் சொன்னால் முகம் சுருங்கும். வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புகிற அறிக்கையில் பத்து என்பது சின்ன எண். இருந்தாலும் நான் அதையேதான் சொல்வேன்.

யாரை எடுப்பது? கொழும்பிலிருந்து வந்து வெற்றிக் கதை சொல்லிப் போகிறவர் வேண்டாம். அதே நகரத்தில் வேரூன்றியவர் வேண்டும்: தபால் கந்தோர் ஊழியர், ஆஸ்பத்திரித் தாதி, ஃபார்மசிக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியை, சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவர். பிள்ளை கடைத்தெருவில் நடந்து போகும்போது தற்செயலாகக் கண்ணில் பட வேண்டிய ஆள். பெரிய பட்டம் இருக்க வேண்டும் என்பதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் கண்டிக்குப் பக்கத்தில் இருப்பது வசதிதான், ஆனால் முதலாம் வருடத்தவரை எடுங்கள், இறுதி வருடத்தவரை அல்ல.

அப்புறம் என்ன செய்வது? இங்கேதான் திட்டம் டியூஷன் ஆகிவிடுகிறது. கணித வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே டியூஷன் என்றால் வெறுப்பு. காசு கட்டமுடியாமல் வெளியே நின்ற அனுபவமும் இருக்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தாம் தரத்தில் வகுப்புக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். ஆசிரியர்கள் கணக்கில் சோம்பேறி. அவனுடைய வழிகாட்டி, ஒரு தபால் ஊழியர், படிப்பைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. கிரிக்கெட் பேசினார், பாட்டியைப் போய்ப் பார்த்தார். பல வாரம் கழித்து பாட்டிதான் சொன்னார்: "தம்பி, அவன் சர்டிபிகேட்டில அப்பா பேரு வேற மாதிரி கிடக்கு. பள்ளிக்கூடத்துல ஐடி போம் குடுத்ததிலிருந்து இவன் போறதில்ல." பதினைந்து வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக்கு அது தேவை. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் பிறப்புச் சான்றிதழைக் காட்ட அவனுக்கு வெட்கம். தீர்வு என்னவென்றால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நடை, பிரதேச செயலகத்துக்குச் சில நடை. அந்த ஊழியர் பாட்டியையும் கூட்டிக்கொண்டு அலைந்தார். பையன் பரீட்சை எழுதினான். பெறுபேறு பெரிதாகச் சொல்லும்படி இல்லை. ஆனால் 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழில் பாடப் பிரிவு அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இருக்கிறது என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

பாதுகாப்பு விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. தெரிந்தவர், கோயில் கமிட்டித் தலைவர் என்றாலும் பொலிஸ் நற்சான்றிதழ் வாங்குங்கள். சந்திப்பு பாடசாலையிலோ நூலகத்திலோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில். ஆண் பிள்ளைக்கு ஆண், பெண் பிள்ளைக்குப் பெண். இரவில் வட்ஸ்அப் கூடாது. காசு கொடுக்கக் கூடாது. அப்பியாசக் கொப்பி கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடவும் கூடாது. பிள்ளை அடி உதை பற்றியோ அதைவிட மோசமானதைப் பற்றியோ சொன்னால், "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வழிகாட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது. பாடசாலையின் ஆலோசனை ஆசிரியர், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம், இந்த மூன்றையும் பயிற்சியின் முதல் நாளே மனப்பாடமாக்கிவிடுங்கள்.

முடிக்கிற விதத்தையும் தொடங்கும்போதே திட்டமிட வேண்டும். வழிகாட்டி போகப்போகிறார் என்றால் ஒரு தவணைக்கு முன்பே பிள்ளைக்கு நேரில் சொல்ல வேண்டும், அதிபர் மூலமாக அல்ல. அடுத்து வருகிறவரை அவரே கூட்டிவந்து, சில வாரம் மூவருமாக இருக்க வேண்டும். டிசம்பர் விடுமுறையில் தொடர்பு அறாமல் இருக்க, வீட்டாரின் தொலைபேசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு அழைப்பாவது போக வேண்டும்.

ஓராண்டு தர முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் நாள் ஒன்றை நடத்தலாம். இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் பருவச்சீட்டு எடுக்கத் தெரியாத பெற்றோருக்கு உதவலாம். பூட்டிக்கிடக்கிற பாடசாலை நூலகத்தைத் திறந்து புத்தகங்களை அடுக்கிக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் ஒரு சனிக்கிழமை போதும், எந்தப் பிள்ளையிடமும் எந்த வாக்கும் கொடுக்கத் தேவையில்லை.