காளானுக்கு 23,328 பாலினம், சிட்டுக்கு 4

மழை விட்ட மறுநாள் பட்டுப்போன மாமரக் கட்டை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். நகம் அளவில், வெள்ளைக் கம்பளி போர்த்திய விசிறி மாதிரி காளான்கள் ஒட்டியிருக்கலாம். அடியில் உள்ள மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் சுருண்டு மூடிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் மறுபடி விரியும். பெயர் ஸ்கிசோஃபில்லம் கம்யூன். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்திலும் உண்டு. இதற்கு 23,000-க்கும் மேல் பாலினங்கள்!

ஆண் உடம்பு, பெண் உடம்பு என்று இதில் எதுவும் கிடையாது, பார்க்க எல்லாம் ஒன்றுதான். யார் யாரோடு சேரலாம் என்பதை ஏ, பி என்ற இரண்டு மரபணுப் பகுதிகள் தீர்மானிக்கின்றன. ஏ-யில் 288 வகை, பி-யில் 81, பெருக்கினால் 23,328. மரத்துக்குள் இரண்டு பூஞ்சை இழைகள் முட்டிக்கொண்டால் ஒட்டி ஒன்றாகும். பி வேறாக இருந்தால்தான் ஒன்றின் உட்கரு மற்றதன் இழைக்குள் பயணம் போக முடியும், ஏ-யும் வேறாக இருந்தால்தான் இரண்டு உட்கருக்களும் ஜோடி சேர்ந்து அப்புறம் காளானாக முளைக்கும்.

சரி, கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கூடு கட்டும் வெண்தொண்டைச் சிட்டுக்கு வருவோம். இதில் ஆண், பெண் இரண்டிலுமே தலையில் வெள்ளைக் கோடு உள்ளவை, பழுப்புக் கோடு உள்ளவை என்று இரண்டு ரகம். வெள்ளைக்கோட்டு ஆண் சண்டைக்காரன், நிறையப் பாடுவான், அடுத்த ஜோடியின் பெண்ணைத் தேடிப் போவான். பழுப்புக்கோட்டு ஆண் குஞ்சுக்கு இரை கொடுப்பதில் கெட்டி. வெள்ளை பழுப்பைத்தான் தேடும், பழுப்பு வெள்ளையைத்தான்; ஒரே ரகம் ஜோடி சேர்வது மிக அபூர்வம். இரண்டாவது குரோமோசோமில் 1,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கொண்ட ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதுதான் காரணம். அந்தத் திரும்பிய பிரதி ஒன்று இருந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் பழுப்பு. உயிரியலாளர் எலைனா டட்டிலின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தத் துண்டு கிட்டத்தட்ட ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் இன்னொரு பால் குரோமோசோம் போலவே நடந்துகொள்கிறது, மெல்லச் சிதைந்தும் வருகிறது. அதனால்தான் நாலு பாலினம் என்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்ததே கணக்குதான். பாலினம் இரண்டிலிருந்து நாலானதும் சிட்டின் பாடு திண்டாட்டமாகிவிட்டது, எதிர்ப்படும் பறவைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் அதற்குத் துணையாகும். காளானுக்கோ, வகைகள் சமமாகப் பரவியிருந்தால், எதிர்ப்படும் 100 அந்நியர்களில் 98 பேர் பொருந்துவார்கள். ஆனால் ஒரே காளானிலிருந்து உதிர்ந்த வித்துகளுக்குள் மட்டும் பொதுவாக நாலு வகைதான் வரும், அங்கே பொருந்துவது சிட்டைப் போலவே நாலில் ஒன்று.