தென்னை ஓலையில் சேதமா? எந்த மட்டை என்று முதலில் பாருங்கள்

வீட்டுத் தென்னையில் ஓலை காய்ந்தாலோ கிழிந்தாலோ உடனே பூச்சிமருந்து வாங்கிவிடுகிறோம். அதற்கு முன் சேதம் குருத்திலா, நடுமட்டையிலா, அடிமட்டையிலா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

சாம்பல்சத்து (பொட்டாசியம்) மரத்துக்குள் இடம் மாறக்கூடியது. மண்ணில் அது குறைந்தால் மரம் அடிமட்டையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் அடிமட்டைக் கீற்றுகள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கருகும். ஈர்க்கை ஒட்டிய பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். போரான் என்ற நுண்சத்து அப்படி எளிதில் நகராது. ஆகவே அதன் குறை புது மட்டையில்தான் தெரியும்: கீற்றுகள் பிரியாமல் ஒட்டிச் சுருங்கி, நுனி கொக்கிபோல் வளையும். முன்னதற்கு, காய்க்கும் மரமானால் ஆண்டுக்கு 2 கிலோ மியூரேட் ஆஃப் பொட்டாஷ், இரண்டு தவணையாக. பின்னதற்கு போரான் உள்ள போராக்ஸ் உப்பு 50 கிராம், ஆண்டுக்கு இருமுறை. இரண்டையும் தூரிலிருந்து 1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்தியில் இட வேண்டும்.

கத்தரியால் வெட்டியதுபோல் மட்டையின் இருபுறமும் ‘வி’ வடிவ வெட்டா? காண்டாமிருக வண்டின் வேலை. விரியாத குருத்தை அது துளைக்கும்; மடிந்திருந்த கீற்றுகள் விரியும்போது ஒரே துளை வரிசையான வெட்டுகளாகிவிடும். இதில் ஒரு கணக்கு உண்டு. நன்றாக வளரும் தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். புதிதாக விரிந்ததிலிருந்து நான்கு மட்டை தள்ளி வெட்டு இருந்தால், வண்டு வந்துபோய் நான்கு மாதமாவது ஆகியிருக்கும். மேலே உள்ளவை முழுசாக இருக்கின்றனவா? மருந்தே வேண்டாம். குருத்தடியில் மென்ற நார்ச்சக்கை தள்ளியிருந்தால்தான் வண்டு உள்ளே இருக்கிறது. கம்பிக் கொக்கியால் குத்தி எடுங்கள். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்மட்டை மூன்றின் இடுக்குகளில் போடுங்கள். இந்த வண்டின் புழு வளரும் இடம் எருக்குழி. அதைக் கிளறாமல் மரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

அடிமட்டை தீய்ந்ததுபோல் தெரிந்தால் ஒரு கீற்றைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். எச்சமும் நூலும் சேர்ந்த கூடு நீளமாக ஓடினால் கருந்தலைப் புழு. வெள்ளை மெழுகுச் சுருள்கள் இருந்தால் சுருள் வெள்ளை ஈ; 2016-இல் பொள்ளாச்சியில் தென்பட்ட பூச்சி. கீழ்மட்டைகளின் மேல் படியும் கரி, ஈ சொட்டும் இனிப்பு நீரில் வளரும் பூசணம்தான். லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை கரைத்துத் தெளித்தால் அது காய்ந்து கரியோடு உரிந்துவிடும். பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள், ஈயை அழிக்கும் என்கார்சியா குளவிதான் முதலில் சாகும்.

மழைக்காலத்தில் நடுக்குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் அது குருத்தழுகல். இதற்கு மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அழுகியதை நல்ல சதை தெரியும்வரை செதுக்கி, 10 சதவீத போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவி, புதுக் குருத்து வரும்வரை மழை படாமல் மூடி வையுங்கள். தென்னைக்கு வளரும் முனை அது ஒன்றுதான்.