மான் குறையவில்லை, சோளம்தான் இன்னும் நிற்கிறது

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில் பயிர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். விதை, உரம், களைக்கொல்லி, தானிய ஈரப்பதம் என்றுதான் ஆண்டு முழுவதும் பேச்சு ஓடும். நவம்பரில் துப்பாக்கி வேட்டை தொடங்கியதும் அது மாறிவிடும். மழை பிந்தி நடவு தாமதமான ஆண்டென்றால் விவசாயியும் சரி, அவர் நிலத்தில் வேட்டைக்கு அனுமதி வாங்கியவரும் சரி, கேட்பது ஒரே கேள்விதான்: "மானெல்லாம் எங்கே போச்சு?"

எங்கேயும் போகவில்லை. அறுக்காமல் நிற்கும் மக்காச்சோளத்துக்குள் படுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு மான் வேட்டை என்றாலே திக்கென்று இருக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்கள் நாம். இங்கே கதை வேறு. வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது, அதைக் கொன்று கட்டுப்படுத்த ஓநாயும் மலைச்சிங்கமும் இந்த வட்டாரத்தில் இல்லை என்றே சொல்லலாம். அந்த வேலையை உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்கள் செய்கிறார்கள். அலுவலக நண்பர்களோடு நம்மவர்களும் சிலர் இப்போது போகத் தொடங்கியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் வேட்டை எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் மே மாதத்திலேயே தெரிந்துவிடும். 2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வசந்தத்தில் மழை விடவே இல்லை. மே 26 வரைக்கும் நாடு முழுவதும் சோளம் நட்டு முடிந்தது 58 சதவீதம்தான். வழக்கமாக அந்தத் தேதிக்கு 90 சதவீதம் முடிந்திருக்கும். இல்லினாயில் 35 சதவீதம், இந்தியானாவிலும் ஒஹாயோவிலும் 22 சதவீதம். நடவே முடியாமல் காப்பீடு கோரிய நிலம், எல்லாப் பயிருக்கும் சேர்த்து, நாடு முழுக்க 1.9 கோடி ஏக்கரைத் தாண்டியது.

நடவு மூன்று வாரம் பிந்தினால் அறுவடையும் மூன்று வாரம்தானே பிந்தும் என்று நினைக்கத் தோன்றும். முதிர்ச்சி அவ்வளவு பிந்தாது. ஜூன், ஜூலை வெயிலில் பயிர் கொஞ்சம் ஓடிப் பிடித்துவிடும். சிக்கல் அதற்கப்புறம், காய்வதில் இருக்கிறது. மணியின் அடியில் கரும்படலம் விழுந்து முதிர்ந்துவிட்டது என்னும்போதும் அதில் 30 முதல் 35 சதவீதம் ஈரம் இருக்கும். 20, 25க்கு இறங்கினால்தான் பெரும்பாலானவர்கள் அறுவடை இயந்திரத்தை இறக்குவார்கள். குதிரில் கெடாமல் இருக்க 15 வேண்டும். செப்டம்பர் தொடக்கத்து வெயிலில் நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் ஈரம் குறையும். அக்டோபரில் அது பாதியாகிவிடும். நவம்பர் குளிரில் ஏறக்குறைய நின்றே போகும். அதனால் செப்டம்பர் வெயிலைத் தவறவிட்ட பயிர் நவம்பரிலும் பச்சை ஈரத்தோடு நிற்கும். உலர்த்தியில் போட்டுக் காயவைக்கலாமே என்றால், 2019இல் எல்லோரும் ஒரே நேரத்தில் உலர்த்தியை ஓட்ட, புரோப்பேன் எரிவாயுவுக்கே தட்டுப்பாடு வந்தது. நவம்பர் 17 அன்று நாட்டில் அறுத்து முடிந்த சோளம் 76 சதவீதம், வழக்கம் 92.

இல்லினாயில் துப்பாக்கி வேட்டை, நவம்பரின் நான்காம் வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய வெள்ளியில் தொடங்கி மூன்று நாள், பிறகு இன்னொரு நான்கு நாள். மொத்தம் ஏழே நாள். பயிருக்காக அந்தத் தேதி நகராது.

இப்போது மானின் பக்கம் வருவோம். எட்டடி, பத்தடி உயரத்துக்கு நிற்கும் சோளக்காடு அதற்கு வீடு, சாப்பாட்டு அறை, ஒளிவிடம் எல்லாம். ஓரத்துத் தோப்புக்கு வரவேண்டிய தேவையே இல்லை. வழக்கமான ஆண்டில் நவம்பருக்குள் வயல்கள் மொட்டையாகிவிடும். மான் பகலில் படுக்கத் தோப்புக்குள்ளும், மாலையில் சிந்திய மணி பொறுக்க வயலுக்கும் நடக்கும். பரண் போட்டுக் காத்திருப்பவர் அந்தப் பாதையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார். சோளம் நின்றால் பாதையே இல்லை. நவம்பர் நடுவில் இணைசேரும் பருவத்தில் ஆண் மான் பெண்ணைத் தேடி அலையும், அதுவாவது வெளியே தெரியும் என்பார்கள். பெண் மான் சோளத்துக்குள் இருந்தால் ஆணும் அங்கேயேதான் அலையும்.

விஸ்கான்சினில் 2019இன் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டையில் சுட்ட மான்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. பழி முழுவதையும் சோளத்தின் மேல் போட முடியாது. 2018இல் அந்த வேட்டை நவம்பர் 17இல் தொடங்கியது, 2019இல் 23இல். அங்கே தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனியில்தான் தொடங்கும் என்பதால், முந்தையது சாத்தியமான மிக முன்தேதி, பிந்தையது மிகப் பின்தேதி. இணைசேரும் வேகம் அதற்குள் அடங்கிவிட்டிருந்தது. வானிலையும் சரியில்லை. ஆனால் அறுக்காத சோளமும் அதில் ஒரு பங்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த எண்ணிக்கையைப் பார்த்து மான் அழிந்துவிட்டது என்று கூப்பாடு போடுகிறவர்களைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. சுடப்படாத பெண் மான் அடுத்த கோடையில் பெரும்பாலும் இரட்டைக் குட்டியோடு அதே விவசாயியின் சோயா இளந்தளிரைத்தான் மேயும்.

சோயாவிலும் ஒரு விஷயம் உண்டு, இது வில் வேட்டைக்காரர்களுக்குச் சாதகமானது. சோயா இலை மஞ்சளானதும் மான் அந்த வயலை விட்டுவிடும். நேரத்துக்கு நட்ட வயல்கள் செப்டம்பரிலேயே மஞ்சளாகிவிடும். அக்டோபர் 1இல் வில் வேட்டை தொடங்கும்போது பக்கத்தில் ஒரு வயல் மட்டும் பிந்தி நட்டதால் பச்சையாக இருந்தால், சுற்றுவட்டார மானெல்லாம் அங்கேதான். முதல் கடும் பனி விழும் வரைக்கும் இது ஓடும்.

நிற்கும் சோளத்துக்குள் வேட்டையாடவே முடியாதா? முடியும், தனியாளாக, காற்று பலமாக அடிக்கும் நாளில். காய்ந்த இலைகளின் சலசலப்பு காலடி ஓசையை மூடிவிடும். சால்களுக்கு, அதாவது சோள வரிசைகளுக்கு, குறுக்காக எதிர்காற்றில் போகவேண்டும். ஒரு சாலுக்கும் அடுத்ததற்கும் 30 அங்குலம். தலையை மட்டும் மெல்ல நீட்டி இடமும் வலமும் சால் நெடுகப் பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் அடுத்த சால். முழு மானைத் தேடக்கூடாது. தாள்களுக்கு நடுவே ஒரு காது அசைவதோ முதுகின் கிடைக்கோடோதான் முதலில் தெரியும். அரை மைல் வயலைத் தாண்ட அரைநாள் ஆகும். விவசாயியிடம் கேட்காமல் நுழையாதீர்கள். நீங்கள் ஒடித்துச் சாய்க்கும் ஒவ்வொரு தாளும் அவர் விற்கவேண்டிய கதிர்.

கூட்டமாக விரட்டுவதைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்கிறேன். அயோவாவிலும் பிற இடங்களிலும் சிலர் ஒருபக்கம் நடந்து விரட்ட, மறுபக்கம் சிலர் துப்பாக்கியோடு நிற்கும் பழக்கம் உண்டு. தோப்பில் அது ஒருமாதிரி. நிற்கும் சோளத்தில் வேண்டவே வேண்டாம். இல்லினாய் சட்டம் கேட்கும் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் பத்தடி தள்ளி நிற்பவருக்கே தெரியாது, சோளத்தட்டை தோட்டாவையும் தடுக்காது. சலசலப்பைக் கேட்டுச் சுடுகிறவர் எதைச் சுடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

அறுவடை இயந்திரம் ஓடும் வயலும் அப்படித்தான். கடைசிப் பத்துப் பன்னிரண்டு சால் மிஞ்சும்போது உள்ளே ஒதுங்கிய மான்கள் ஒரேயடியாகப் பாய்ந்து வெளியேறும். அதற்காகவே ஓரத்தில் காத்திருப்பவர்கள் உண்டு. ஓட்டுநருக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரியாமல் அங்கே போய் நிற்காதீர்கள், இயந்திரம் இருக்கும் திசையில் துப்பாக்கியைத் திருப்பவே திருப்பாதீர்கள். வேட்டையோடு சம்பந்தமே இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: நவம்பரில் மானும் காரும் மோதும் விபத்து எப்படியும் அதிகம், பக்கத்து வயலில் அறுவடை நடந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு மான் சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும். வண்டியை வெட்டித் திருப்பாமல் நேராக வைத்துப் பிரேக்கை அழுத்துங்கள்.

என்னைக் கேட்டால், ஏப்ரலிலிருந்தே திங்கள்தோறும் அமெரிக்க வேளாண் துறை வெளியிடும் பயிர் நிலவர அறிக்கையைப் பாருங்கள். உங்கள் மாநிலம் மே இறுதியில் பின்தங்கியிருந்தால் வயல்காரரிடம் அப்போதே பேசுங்கள்: எந்த வயலில் என்ன, எதை முதலில் அறுப்பார், எது கடைசி. பரணை எங்கே போடுவது என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம். நவம்பர் கைவிட்டாலும் வில் வேட்டை ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் உண்டு. பனி மூடிய வேளையில் அறுக்காமல் விட்ட சில சால் சோளம் இருந்தால் மான் அதைத் தேடி வரும். சில வேட்டைக்காரர்கள் ஓரத்துச் சால்களுக்குச் சந்தை விலையில் பணம் கொடுத்து நிற்கவைக்கச் சொல்கிறார்கள். இல்லினாயில் அறுத்த சோளத்தைக் கொண்டுவந்து கொட்டி மானை இழுப்பது குற்றம், வயலில் தானாக நிற்கும் பயிர் அப்படியல்ல. விலையை அறுவடைக்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள், ஜனவரியில் போய்ப் பேரம் பேசினால் எந்த விவசாயியும் அடுத்த ஆண்டு கதவைத் திறக்கமாட்டார்.