பிளாங்டன்: நுண்ணுயிரியா, மிதவையுயிரியா?

பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையானால் போதும், ‘நுண்ணுயிரிகள் பெருகின’ என்று எழுதிவிடுகிறார்கள். மாணவர்களின் செய்முறைக் குறிப்பிலும் ‘கடல் நுண்ணுயிரி மாதிரி’ என்றே இருக்கிறது. ஆங்கில மூலத்தில் இருப்பது பிளாங்டன்; அதற்கு மிதவையுயிரி என்பதே பொருந்தும்.

அலைந்து திரிவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1887இல் விக்டர் ஹென்சன் உருவாக்கிய பெயர் அது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்த முடியாமல் அதன் போக்கிலேயே போகும் உயிர்கள் எல்லாம் இதில் சேரும்.

இதில் ‘நுண்’ எங்கே வந்தது? வலையில் ஏறிக் கையை அரிக்கவைக்கும் சொறியும் (ஜெல்லிமீன்) பிளாங்டன்தான். இறால், நண்டின் இளம்பருவமும், மீன் குஞ்சும் அப்படியே. 2019இல் இந்தக் கடலைப் பச்சையாக்கிய நாக்டிலூகா, மீனவர்கள் சொல்லும் பூங்கோரை, ஒற்றைச் செல்தான். ஆனாலும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும். பாக்டீரியா போலப் பல வகைகள் மிக நுண்ணியவை, சரி. அதற்காகக் கூட்டம் முழுவதற்கும் அந்தப் பெயரை வைக்கலாமா?

குழப்பம் வேலையிலும் வரும். நுண்ணுயிரி என்று படித்தவர் கிருமி நீக்கிய குப்பியைத் தேடுவார். விலங்கு மிதவையுயிரிக்கு வேண்டியது பெரும்பாலும் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கண்ணுள்ள கூம்பு வலை. படகை மெதுவாக ஓட்டி இழுத்து, வலையை வெளிப்புறமிருந்து கடல்நீரால் அலசினால், ஒட்டியதெல்லாம் வலையின் கூர்முனையான மடியில் மாட்டிய குடுவையில் இறங்கும். தாவர மிதவையுயிரிக்கு 20 மைக்ரான் அளவில் இன்னும் நெருக்கமான கண் வேண்டும்.

‘அலையுயிரி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். மூலத்துக்கு நெருக்கம்தான். ஆனால் கடற்கரையில் அலை என்றால் கரையில் மோதும் அலைதான் நினைவுக்கு வரும். மிதவை என்று மட்டும் சொன்னால் வலையின் மிதப்பு என்று நினைப்பார்கள். எனவே மிதவையுயிரி என்று முழுதாகச் சொல்வதே தெளிவு.

அப்புறம், பிடித்த மாதிரி அழுகாதபடி வேதிப்பொருள் சேர்த்து வைப்பதற்கு அதே குறிப்புகளில் எழுதும் அந்தப் ‘பதப்படுத்துதல்’. இந்தக் கரையில் அது கருவாட்டுக்கும் ஏற்றுமதி இறாலுக்கும் உரிய சொல். ஒன்பது பங்கு மாதிரிக்கு ஒரு பங்கு ஃபார்மலின் ஊற்றி, அதன் அமிலம் சுண்ணாம்பு ஓடுகளைக் கரைக்காதபடி போராக்ஸ் சேர்த்து வைப்பது உணவுக்கான வேலையே அல்ல. தாவர வகைக்கு லூகால் அயோடின் விட்டு இருட்டில் வைப்பதும் அப்படித்தான். ‘கெடாமல் காத்தல்’ என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.