கறுக்க வறுத்த மாவு கம்போவைக் கெட்டியாக்காதது ஏன்?

நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கம்போவை வீட்டில் செய்து பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மாவை எண்ணெயில் சாக்லெட் நிறம் வரும்வரை வறுத்தேன். மணம் அபாரம், குழம்போ தண்ணீராக ஓடுகிறது. எங்கே பிசகியது?" எங்கும் பிசகவில்லை. அந்த நிறத்துக்கு வறுத்தால் அப்படித்தான் ஆகும்.

கம்போ, நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான லூசியானாவில் சோற்றோடு சாப்பிடும் குழம்பு. நகரத்தின் கிரியோல் (பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழிவந்தோர்) வீடுகளில் இறாலும் நண்டும் சேரும், சில வீடுகளில் தக்காளியும். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து 1755 முதல் விரட்டப்பட்டு லூசியானாவில் குடியேறியவர்களின் வழிவந்த கேஜன் மக்கள், கோழியும், ஆண்டூயி என்னும் புகையூட்டிய பன்றி இறைச்சி சாசேஜும் போட்டுக் கருமையாக வைப்பார்கள். இரண்டுக்கும் அடிப்படை, மைதாவைக் கொழுப்பில் வறுத்த 'ரூ'.

125 கிராம் மைதா, 240 மில்லி எண்ணெய், அடிகனமான இரும்புச் சட்டி, மிதமான தீ. முதலில் நுரைக்கும், மாவிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு மாவின் புரதமும் சர்க்கரையும் வினைபுரியும் மெயிலார்டு வினை வேகமெடுத்து, நிறம் வேர்க்கடலை, செம்பு, சாக்லெட் என மாறும். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் கை நிற்காமல் கிளற வேண்டும். வெண்ணெயில் இந்தக் கருமை வராது. அதிலுள்ள பால் திடப்பொருள் முன்னதாகவே கருகிவிடும்.

இந்த நேரத்தில் ஸ்டார்ச்சுக்கு நடப்பதுதான் அழகு. ஸ்டார்ச் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலி. சூடான நீரில் மாவு மணிகள் உப்பி, சங்கிலிகள் வெளியேறி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீரின் ஓட்டத்தைத் தடுக்கும். அதைத்தான் கெட்டித்தன்மை என்கிறோம். எண்ணெயில் நீர் இல்லாததால் மணிகள் உப்புவதில்லை. 170 டிகிரிக்கு மேல் போகும் வறண்ட சூடு சங்கிலிகளை நடுவில் அறுக்கிறது. அறுந்த துண்டுகளில் சில வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, குட்டையாக, பல கிளைகளோடு நிற்கின்றன. இவைதான் டெக்ஸ்ட்ரின்கள். நீண்ட கூந்தல் சிக்கு விழும், ஒட்ட வெட்டிய முடி விழாது. நிறம் ஏற ஏறச் சுவை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. சாக்லெட் நிற ரூவில், நிறம் மாறாமல் கொஞ்ச நேரமே வறுத்த வெள்ளை ரூவின் கெட்டிப்படுத்தும் திறனில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும்.

பருத்தியின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். சுருக்கம் விழாத பருத்தித் துணிக்கு வழிகாட்டிய ரூத் பெனரிட்டோ வேலை பார்த்தது இதே நியூ ஆர்லியன்ஸில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில். துணிக்குக் கிடைத்த ஆய்வுப் பணத்தில் கொஞ்சமாவது அடுப்படி வேதியியலுக்கும் கிடைக்க வேண்டும். கோடிக்கணக்கானோர் தினமும் செய்யும் வேதியியல் அது.

கறுப்புப் புள்ளி தெரிந்தால் மாவு கருகிவிட்டது. அந்தக் கசப்பு என்ன சேர்த்தாலும் போகாது. கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். விரும்பிய நிறத்துக்கு ஒரு படி முன்பே வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் சேர்த்துவிட வேண்டும். காய்களின் நீர் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சி வறுபடுவதை நிறுத்துகிறது. அப்போது ஆவி சீறும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பிறகு சுமார் இரண்டு லிட்டர் கோழிச்சாறு.

ரூ விட்ட வேலையை வேறு இரண்டு பொருள்கள் செய்கின்றன. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களோடு வந்த வெண்டைக்காய் ஒன்று. அதன் கொழகொழப்பும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதே. கொழகொழப்பு மிகையாகாமலிருக்க, வெண்டைக்காயைத் தனியே வதக்கிச் சேர்ப்பார்கள். மற்றது சோக்டா பழங்குடியினர் கற்றுக்கொடுத்த ஃபிலே, சாசஃப்ராஸ் இலையை உலர்த்தி அரைத்த தூள். அந்த மரத்தின் வேர்ப்பட்டை எண்ணெயில் உள்ள, புற்றுநோய் அபாயம் கொண்ட சஃப்ரோல் என்னும் பொருளை 1960இல் அமெரிக்கா உணவில் தடை செய்தது. இலையில் அது இல்லை என்று சொல்லும் அளவுக்கே இருப்பதால், ஃபிலே கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வெண்டைக்காய் போட்ட கம்போவில் பொதுவாக இதைச் சேர்ப்பதில்லை. இறக்கிய பின்பு, அல்லது தட்டில் பரிமாறும்போது, ஆளுக்குக் கால் தேக்கரண்டி தூவிக் கலக்கினால் போதும். கொதிக்கவிட்டால் நூல் நூலாக இழுக்கும்.